அசியாமாவின் தாடிக்கு ஒரு கேமரா

அன்று காலையில் மட்டும் மூன்றாவது மணப்பெண் வந்து கல்யாணப் படத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுப் போனாள்.

"புதுக் கேமரா வந்ததும் எடுத்துக்கிறோம்" என்றாள், வாசலில் தொங்கிய பேனரைக் காட்டி. "ஆறே வாரம்தானே?"

"உங்க கல்யாணம் வர்ற சனிக்கிழமை இல்லையா?" என்று கேட்டான் அம்போஃபோ.

"கல்யாணம் சனிக்கிழமைதான். படத்துக்கு இன்னொரு தடவை உடுத்திக்கிறோம், அவ்வளவுதான்."

குமாசி நகரில், பந்தாமா கடைத்தெருவில் பதினெட்டு வருஷமாக ஸ்டுடியோ நடத்துகிறவன் அம்போஃபோ. அந்தப் பேனரை எழுதியதும் அவனேதான். 'வருகிறது! பத்து கோடிப் புள்ளி! உங்கள் கண்ணிமை முடியை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்!' மீடியம் ஃபார்மட் கேமரா அது. உள்ளே படம் விழும் பட்டை சாதாரணக் கேமராவில் இருப்பதைவிட ஒன்றேமுக்கால் மடங்கு பெரியது. தலைநகர் அக்ராவில் லார்ட்டி என்ற ஏஜெண்டிடம் சொல்லி வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தான். அதன் எடை, உயரம், பேட்டரி எத்தனை படம் தாங்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். வீடியோவில் கேட்டுக் கேட்டு அதன் ஷட்டர் சத்தத்தைக்கூட வாயால் எழுப்பப் பழகியிருந்தான். சாப்பிடும்போது தன்னையறியாமல் அந்தச் சத்தம் வரும்.

பக்கத்துக் கடையில் ஐஸ் மீன் விற்கும் அவன் மனைவி செர்வாவுக்கு இதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

"மீன் இன்னும் கடல்லயே இருக்கு. நீங்க அதுக்குள்ள குழம்புக்கு ஊரைக் கூப்பிட்டுட்டீங்க" என்றாள்.

"காத்திருக்காங்கன்னா மதிப்பு இருக்குன்னு அர்த்தம்" என்றான் அம்போஃபோ.

மதிப்பு கூடிக்கொண்டே போனது. இரண்டாவது வாரம் ஸ்டுடியோவுக்குள் ஒருவர்கூட வரவில்லை. தெருவில் போகிறவர்கள் பேனரைப் படித்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, விரலால் வாரங்களை எண்ணிக்கொண்டே நடந்தார்கள்.

இதை எப்படிச் சரிசெய்வது என்று அவனுக்குத் தெரியும். பழைய கேமராவில் எடுத்துக்கொண்டால் பாதி விலை என்று கதவில் எழுதி ஒட்டினான். மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். சீட்டை இரண்டு தடவை படித்தாள். பாதி விலை என்றால் முகமும் பாதிதானே வரும், பேசாமல் முழுசுக்கே காத்திருக்கிறோம் என்று சொல்லி, இருபத்திரண்டு பேர் குழுப்படத்தையும் ரத்து செய்துவிட்டாள்.

சரி, ஆசை காட்டினால் தள்ளிப்போடுகிறார்கள், பயம் காட்டினால் வருவார்கள் என்று கணக்குப் போட்டான். அடுத்து விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் புதுக் கேமரா இரக்கமே இல்லாதது என்று சொன்னான். பரு, தழும்பு, பல்லிடுக்கு, முந்தின இரவு தூங்காதது எல்லாம் அதில் விழுந்துவிடும், பழையதுதான் தாட்சண்யம் பார்க்கும் என்றான். கேட்டவர்கள் பயந்தார்கள். பயந்து, ஒரு தலைமையாசிரியை மச்சத்தை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு டயர் வியாபாரி பல் கட்டப் போனார். எல்லாரும் சொல்லிவைத்தாற்போல், முகம் தயாரானதும் வருகிறோம், ஆறு வாரத்துக்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒரு தேதி போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அப்படிப் பரவிய பேச்சு பெரியவர் அசியாமாவின் காதுக்கும் போனது.

அசியாமா ஒருகாலத்தில் பதினான்கு லாரிகளுக்கு முதலாளி. இப்போது எண்பத்திமூன்று வயது, பெரிய குடும்பத்துக்குத் தலைவர். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து வர, மெதுவாக ஸ்டுடியோ படியேறி உட்கார்ந்தார். மூச்சு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

"எல்லாத்தையும் காட்டிடும்னு சொல்லி நீ ஜனங்களைப் பயமுறுத்தறியாமே, தம்பி?"

"ஐயா, அது வந்து..."

"எனக்கு அதுதான் வேணும்" என்று தாடியைத் தடவினார். "இதுல இருக்கிற ஒவ்வொரு மயிரும் நான் சம்பாதிச்சது. ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது."

விஷயம் இதுதான். போன மாதம் ரவுண்டானாவில் அவர் நண்பர் ஒருவருக்கு அஞ்சலி பேனர் வைத்திருந்தார்கள். மூன்று மாடி உயரம். வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். மூக்கு எது, வாய் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாற்பது வருஷம் கூட உட்கார்ந்து தாயக்கட்டை ஆடியவனை, யாரோ எவரோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டாராம். அந்தக் கதி தனக்கு வரக் கூடாது. டிசம்பரிலேயே டாக்டர் கையை விரித்துவிட்டார். அக்கா மகன் யியாடோம் கெட்டிக்காரன். சாவுச் சடங்குக்கு வேண்டிய துணி, பந்தல், பேண்டு வாத்தியம் எல்லாவற்றுக்கும் இப்போதே சொல்லிவைத்துவிட்டான். படத்தை மட்டும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பெரியவர் ஏற்றிருந்தார்.

அம்போஃபோவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று மாடி உயரத்தில் தன் கேமரா எடுத்த முகம், பந்தாமா ரவுண்டானாவில்! இனி எவன் எங்கே போய்ப் படம் எடுப்பான்?

போகிறபோது பெரியவர் ஒரு யோசனை சொன்னார். "பழசைக் கையில வெச்சுக்கிட்டே புதுசு வருதுன்னா எவன் நம்புவான்? முதல்ல அதைத் தலைமுழுகு."

மறுநாளே அம்போஃபோ பழைய கேமராவை ஒபுவாசியில் ஒரு நண்பனுக்கு விற்றுவிட்டான். அன்று மத்தியானம் ஒருவர் அவசரமாகப் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தார். அவரை செர்வா தன் போனில், மீன் பெட்டிகளுக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்துக் கொடுத்தாள்.

"நல்லாவே வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

ஆறாவது வாரம் லார்ட்டி போன் செய்தான். கம்பெனியில் நிறையப் பேர் காத்திருக்கிறார்களாம், இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டுமாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அசியாமாவுக்கு முகம் சிவந்தது.

"அவன் நம்பரை எனக்குக் கொடு. நான் பேசற விதத்துல பேசறேன்."

லாரி முதலாளி வாயில் விழுந்து எழுந்த எந்த ஏஜெண்டும் தாமதம் செய்ய மாட்டான் என்று அம்போஃபோவுக்குத் தோன்றியது. நம்பரைக் கொடுத்தான். அதோடு நிற்காமல் லார்ட்டியையும் கூப்பிட்டு, ஒரு பெரிய மனிதர் பேசுவார், இனி இந்த விஷயத்தில் அவர் சொல்வதுதான் நான் சொல்வது, எதிர்த்துப் பேசிவிடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தான்.

இரண்டு வாரம் போனது. நான்கு வாரம் போனது. லார்ட்டிக்குப் போன் செய்தால் மிகவும் மரியாதையாகப் பேசினான். பெரியவரிடம் எல்லாம் பேசியிருக்கிறேன், அவர் சொன்னபடியே செய்துகொண்டிருக்கிறேன், நீங்கள் கவலையே பட வேண்டாம் என்றான். விவரத்தைப் பெரியவர்தான் வந்து சொல்வார். ஒரு வாரம் கப்பல் தாமதம். மறுவாரம் தேமா துறைமுகத்தில் ஏதோ முத்திரை விழவில்லை. அதற்கடுத்த வாரம் முத்திரை போடுகிற ஆளின் மாமியார் இறந்துவிட்டாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெரியவர் வந்துவிடுவார். முதலில் இரண்டு பேர் பிடித்து வந்தார்கள், பிறகு ஒருவர். பத்தாவது வாரம் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனியாகவே வந்தார். வயிறு நிறைய ஃபூஃபூக் களியும் ஆட்டுக்கறிச் சாறும் சாப்பிட்டுவிட்டு, கெண்டே துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, படத்துக்கு எப்படி உட்காருவது என்று ஒத்திகை பார்ப்பார். தாடியைச் சீவுவார். பிறகு வாசலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவே கேட்கும்படி திட்டுவார்.

"உன் கேமராவுக்காக நான் சாவைத் தள்ளிப்போட்டுக்கிட்டிருக்கேன். எமன் எத்தனை நாள்டா வாசல்ல நிப்பான்?"

தெரு கேட்டது. அசியாமாவுக்கே வராத கேமரா நமக்கு எங்கே வரப்போகிறது என்று பேசிக்கொண்டது. நான்காவது மாதம் முடிகிற சமயம், முதல் நாள் வந்த மணப்பெண் மறுபடி வந்தாள், வயிறு மேடிட்டிருந்தது. பிள்ளை பிறந்த பிறகு மூன்று பேராகவே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, வந்தது வந்தோம் என்று செர்வாவிடம் இரண்டு கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டு போனாள்.

செர்வாவின் வியாபாரம் நன்றாக நடந்தது. ஸ்டுடியோவின் ஒரு மூலையில் ஒரு ஃப்ரீசரைப் போட்டுக்கொண்டாள். அடுத்து, விளக்குக் கம்பங்கள் நின்ற இடத்தில் இன்னொன்று. பின்திரையாகத் தொங்கிய நீல வானத்துக்கு முன்னால் மீன் அட்டைப்பெட்டிகள் அடுக்கடுக்காக ஏறின.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்" என்றாள் ஒரு நாள், குரலை உயர்த்தாமல். "அதுக்குள்ள வரலேன்னா சுவரை இடிச்சு ரெண்டு கடையையும் ஒண்ணாக்கிடறேன். நீங்க மீன் வெட்டக் கத்துக்கலாம், கஷ்டமில்ல."

"வந்துடும்" என்றான் அம்போஃபோ. சொல்லிவிட்டு ஃப்ரீசரின் ஓரத்தில் உட்கார்ந்தான். ஷட்டர் சத்தம் எழுப்பப் பார்த்தான். அன்று வாயில் வரவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அந்த வாரமே யியாடோமும் வந்தான். ஐம்பது வயது, கணக்கு வாத்தியார், ஏற்பாடு என்றால் உயிர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றான். பந்தல்காரன் மூன்றாவது தடவையாகத் தேதி கேட்கிறானாம். பேண்டு வாத்தியத்தில் ஊதுகொம்புக்காரன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டானாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி எடுத்துவைத்த துணியில் எலி புகுந்துவிட்டதாம்.

"மாமா நல்லா இருக்கணும். அதுல எங்களுக்கு ரெண்டாவது பேச்சே இல்ல" என்றான். "ஆனா நாங்க கேக்கறப்பல்லாம் 'படம் வரட்டும்'ங்கறார். அதை எடுத்து முடிச்சிட்டா நாங்களும் நிம்மதியா இருப்போம். நீங்களே ஒரு நடை அக்ராவுக்குப் போயிட்டு வந்துடக் கூடாதா?"

இது தனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்று நினைத்தான் அம்போஃபோ. பெரியவருக்கு வீண் அலைச்சல் கொடுக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் ஏறினான். வழியெல்லாம் லார்ட்டியிடம் என்ன பேச வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டான். பாதி வழியில் என்கவ்காவ் ஊரைத் தாண்டும்போது தன்னம்பிக்கை திரும்பியிருந்தது. நேரில் போய் நின்றால் நடக்காத காரியம் உண்டா?

அக்ராவில், ஓசு பகுதியில் லார்ட்டியின் ஆபீசைக் கண்டுபிடித்து நுழைந்தபோது மணி பன்னிரண்டு. லார்ட்டி இல்லை, துறைமுகத்துக்குப் போயிருந்தான். அவனுடைய குமாஸ்தா, ஒகாய்லே என்கிற நடுத்தர வயது அம்மாள், மக்காச்சோளக் கெங்கி உருண்டையைப் பிட்டு மிளகாய்த் துவையலில் தோய்த்துக்கொண்டிருந்தாள். அம்போஃபோ தன் பெயரைச் சொன்னான். அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, அவன் கேட்பதற்குள் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தாள்.

மேல் தட்டில் வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. மேலே அவன் பெயர், ஊர். ஒட்டியிருந்த சீட்டில் முத்திரை, தேதி எல்லாம் சரியாக விழுந்திருந்தது. தேதியைப் படித்தான். ஒன்பது வாரத்துக்கு முந்தையது.

அம்போஃபோ பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டான். அவன் மனப்பாடம் செய்திருந்த அதே எடை.

"இத்தனை நாளா இதை ஏம்மா எனக்கு அனுப்பல?"

ஒகாய்லே அவனை வினோதமாகப் பார்த்தாள். "நீங்கதானேய்யா அந்தப் பெரியவர் சொல்றபடி கேக்கச் சொன்னீங்க?"

"ஆமா. அவர் என்ன சொன்னார்?"

"இன்னிக்குக் காலையிலகூடப் போன் பண்ணினார். வாராவாரம் அதே பேச்சுத்தான். 'இந்த வாரமும் வேணாம்மா, அங்கேயே பத்திரமா இருக்கட்டும். எங்க வீட்ல எல்லாம் தயாராயிடுச்சு, படம் ஒண்ணுதான் பாக்கி. அதையும் எடுத்துட்டா, அப்புறம் நான் ஒருத்தன்தான் பாக்கி'ங்கறார்."