சுரங்கத் தகட்டுப் பெட்டி

போக்குவாவின் சாப்பாட்டுக் கடைக்குத் தகட்டுப் பட்டறைக்காரன் யாவ் டங்குவா வைத்திருந்த பாக்கி அறுநூற்று நாற்பத்தேழு சிடிப் பணம். அதில் பாதிக்கு ஈடாகத்தான் அந்தப் பெட்டியைச் செய்து கொடுத்தான். இப்போது அதன் பூட்டுக்குள் சாவி முறிந்து கிடந்தது. பெட்டிக்குள் இருந்ததோ கடையின் கடன் நோட்டு.

"குமாசிப் பட்டறைக்காரன் அத்தனை பேரும் என்கிட்ட பாக்கி, மாஸ்டர். எல்லாம் அந்த நோட்டுலதான் இருக்கு. திறந்து குடு," என்றாள் போக்குவா.

யாவ் தலைகுனிந்தான். போன வாரம் இதே பெட்டியைத் தட்டித் தட்டிப் பேசியவன் அவன்.

"தங்கச் சுரங்க லாரியோட தகடு இது, அக்கா. என்னென்னவோ சேத்து உருக்கின புது உருக்கு. பாதி கனத்துல ரெண்டு மடங்கு பலம். இனிமே லாரித் தொட்டியெல்லாம் இதுலதான். எடை குறையும், கோகோ மூட்டை கூடுதலா ஏத்தலாம். ரம்பம் வச்சா ரம்பம்தான் அழும்."

இடுக்கியால் சாவித் துண்டைப் பிடித்தான். அது இன்னும் உள்ளே போனது. சுத்தியலால் தட்டினான். பூட்டின் நாக்கு கோணிக்கொண்டது. ரம்பம் வைத்தான். பல் மழுங்கி, வழுக்கி, அவன் கட்டைவிரலைக் கிழித்தது.

"ரம்பம் அழுதுச்சோ என்னவோ, நீ அழுற."

"கேஸ் நெருப்பு வச்சு வெட்டிடலாம்க்கா."

"உள்ள இருக்கிறது காகிதம்டா! கருக்கிட்டு யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

பக்கத்துப் பட்டறை அசமோவா துளை போடுகிறவன். டிரில்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"கட்டுப் போட்ட கையோட நீ எதுக்கு மாஸ்டர்? தண்ணி மட்டும் ஊத்து. நான் பாத்துக்கறேன்."

யாவ் மூன்று நாள் ஊற்றினான். டிரில்லில் மாட்டிய ஊசி ஒன்றன்பின் ஒன்றாகக் கருகியது. தகட்டில் பளபளவென்று ஒரு வட்டம் விழுந்ததே தவிர, துளை விழவில்லை. போகிறவர்கள் எல்லாம் நின்று சிரித்தார்கள். யாவுக்குக் கடைப் பக்கம் போகவே கூச்சம். வறுத்த வாழைக்காயை வாங்கி, பழைய லாரிக்குப் பின்னால் ஒளிந்து தின்றான்.

நான்காம் நாள் போக்குவா வந்தாள். பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"போதும் மாஸ்டர். பாக்கி எவ்வளவுன்னு யாரைக் கேட்டாலும் 'பத்து சிடிதான்க்கா'ன்னு சத்தியம் பண்றான். பழைய பாக்கி பூராத்தையும் விட்டுட்டேன், உன்னோடதையும் சேத்து. நாளையிலேர்ந்து காசை வச்சாத்தான் ஃபூஃபூ களி."

"அக்கா... என்னாலதானே..."

"பரவால்ல. உக்கார நல்லாத்தான் இருக்கு," என்று எழுந்து போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட யாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"இவ்வளவு பலமா இருக்கும்னு நானே நினைக்கலடா," என்றான் கண்ணைத் துடைத்தபடி.

அசமோவா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"தகடு நல்ல தகடுதான் மாஸ்டர். ஆனா அதையும் துளைக்கிற கோபால்ட் ஊசி என் பையிலேயே கிடக்கு. நோட்டுல என் பேருல ரெண்டாயிரத்து முந்நூறு இருந்துச்சே, அதான் மூணு நாளும் டிரில்லை எதிர்ப்பக்கமாவே சுத்தவிட்டேன்!"