மாப்பிள்ளைத் தலைக்கு ஒரு நேர்த்தி

“சாதகம் பொருந்தினால் உங்கடை தலைமயிரை இணுவில் கந்தனுக்குக் குடுக்கிறதாய் நேர்ந்தனான், தம்பி. பொருந்திட்டுது! வாற வெள்ளிக்கிழமை போவம்!” என்று தொலைபேசியில் மணப்பெண் பிரசாந்தியின் தாய் அற்புதராணி மாமி சந்தோசத்தில் கத்தினார்.

சுதாகரனின் கை தானாகவே தலைக்குப் போனது.

“கலியாணத்துக்கு இன்னும் மூண்டு மாசம் கிடக்குத்தானே. அதுக்கிடையிலை வளர்ந்திடும்.”

வளராது. அதுதான் பிரச்சினை. அவன் தலையில் இருந்தது கொழும்பில் வாங்கிய விக். பெண் வீட்டாருக்கு அது தெரியாது. அவன் வீட்டாரைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள், பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே திரியும் மயூரதன்.

“பிரசாந்தி இல்லையெண்டால் எனக்குக் கலியாணமே வேண்டாம், மச்சான். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு.”

“எத்தினை தரமடா பண்ணுறது? விடு, மாமியோடை நான் கதைக்கிறன்.”

கதைத்தான். “மாமி, அவன்ரை தலையிலை சவரக்கத்தி படக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்.”

“ஐயோ! தலையிலை என்ன வருத்தம்?”

கொஞ்ச நேரத்தில் லண்டனிலிருந்து பெண்ணின் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, உமக்கு மூளையிலை கட்டியாம். ஸ்கான் ரிப்போட்டை உடனை வட்சப்பிலை போடும்.”

“டேய், என்னடா செய்து வைச்சிருக்கிறாய்!”

“பொறு, மாத்திச் சொல்லுறன்.”

மாற்றிச் சொன்னான். “வருத்தமொண்டுமில்லை மாமி. அந்த மயிரை அவன் சந்நிதி முருகனுக்கு ஏற்கெனவே நேர்ந்திட்டான்.”

“அதுக்கென்ன? அங்கை பாதி, இங்கை பாதி! வாடகைக்கு வானும் பிடிச்சாச்சு. சொந்தக்காரர் எல்லாரும் வருகினம்.”

பாதி மொட்டையோடு வானில் போவதை நினைத்துச் சுதாகரன் கதிரையில் சரிந்தான்.

மயூரதன் தோள்வரை தொங்கிய தன் சுருள்முடியை ஒருமுறை தடவிப் பார்த்தான். பெண்டுகள் பொறாமைப்படும் முடி. பிறகு மறுபடியும் மாமியைத் தொலைபேசியில் அழைத்தான்.

“மாமி, அவனும் நானும் ஒண்டுதான். அவனுக்குப் பதிலாய் என்ரை மயிரை நான் குடுக்கிறன்.”

மாமி உருகிப்போனார். “இப்பிடியும் ஒரு சிநேகிதமோ! சரி, ஆனால் மாப்பிள்ளை பக்கத்திலை இருக்கோணும்.”

வெள்ளிக்கிழமை கோயில் கிணற்றடியில் மயூரதனின் முடி சுருள் சுருளாக விழுந்தது. பிரசாந்தியும் தங்கையும் கோயில் வாசலில் நிற்க, பெண் வீட்டார் மற்ற எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

“இப்பதான் தலை பனங்காய் மாதிரி வடிவாய்க் கிடக்கு,” என்று ஒரு பெரியம்மா சிரித்தார்.

தப்பினோம் என்று சுதாகரன் மூச்சு விட்டான். அந்த நேரம் பார்த்து மாமிக்கு இன்னொன்று தோன்றியது.

“எண்டாலும் கந்தன் கோவிப்பார். மாப்பிள்ளைக்கும் உச்சியிலை ஒரு பிடி வெட்டிவிடுங்கோ!”

மொட்டை அடிப்பவர் கத்தரிக்கோலை எடுத்து, சுதாகரனின் உச்சியைக் கொத்தாகப் பிடித்தார். விக் இலேசாக நகர்ந்தது. சுதாகரன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். கலியாணம் போச்சு!

“அம்மா, ஓடியாங்கோ! அக்கா மயங்கி விழுந்திட்டா!”

பிரசாந்தியின் தங்கை ஆரபி கத்திய கத்தலில் மொட்டை அடிப்பவர் பிடியை விட்டார். மாமியும் சொந்தக்காரரும் விழுந்தடித்துக்கொண்டு கோயில் வாசலுக்கு ஓடினார்கள். சுதாகரனும் பதறி எழுந்தான். ஆரபி அவன் கையை எட்டிப் பிடித்தாள்.

“நீங்கள் இருங்கோ அத்தான், அக்கா சும்மா விழுந்தவ. பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே மயூரதன் அண்ணை இது விக் எண்டு அக்காவுக்குச் சொல்லிப்போட்டார்; அண்டையிலையிருந்து அம்மாவை ஏமாத்திப் பேய்க்காட்டுறதுதான் எங்கள் மூண்டு பேருக்கும் வேலை!”