ஓமுக்கும் நமசிவாயத்துக்கும் நடுவில்

சாமியிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். எண்ணிக்கை சொல்லி மட்டும் வேண்டிக்கொள்ளக் கூடாது. சொன்னால், எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் குரும்பலூரில் மேஸ்திரி. வயிற்றில் புண் முற்றி, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது. "ஆபரேஷன்தான், இந்த உடம்பு தாங்குமான்னு இப்ப சொல்ல முடியாது, கொஞ்சம் ரத்தம் ஊறட்டும்" என்று திருச்சி டாக்டர் இரண்டு மாதம் தள்ளி நாள் குறித்தார். அன்றே வாலிகண்டபுரம் கோயிலில் வேண்டிக்கொண்டேன்: ஆபரேஷனுக்குள் ஒரு லட்சம் தடவை 'ஓம் நமசிவாய' எழுதி உன் காலடியில் வைக்கிறேன், இவரை விட்டுவிடு.

அப்போது நான் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். (பத்தாவதும் டைப்ரைட்டிங் லோயரும். அதற்கே வீட்டில் என்னை 'ஆபீசர்' என்பார்கள்.) எழுதினாலும் கைதான், அடித்தாலும் கைதான் என்று குருக்களும் சொல்லிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து, இங்கிலீஷ் எழுத்தில், வரிக்கு ஒன்றாக அடிப்பேன்.

எண்ணுவதற்கு மெஷினே இருந்தது. கறுப்புத் திரையில் wc என்று அடித்து, ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் w, பிறகு ஃபைல் பெயர். என்டர் தட்டினால் எத்தனை வார்த்தை என்று வந்துவிடும். தினமும் எவ்வளவு அடித்தோம் என்று சென்டர் நடத்தும் சாருக்குக் காட்ட நாங்கள் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். என்டர் தட்டுவதற்கு முன் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். எண் வந்ததும் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

இதைப் பெருமையாக அவரிடம் சொன்னேன்.

"எதுல எண்ணுற?"

"டபிள்யூ சி-யிலங்க."

படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "அடிப்பாவி! பிளான்ல கக்கூஸுக்குப் போடுற எழுத்துடி அது. சாமி பேரைக் கொண்டுபோயி அதுலயா எண்ணுற?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு வலியாகி, வலி வாந்தியாகி, அதில் ரத்தம் வந்தது. மறுநாளிலிருந்து கன்னத்தில் இரண்டு மடங்காகப் போட்டுக்கொண்டேன்.

அவர் திருச்சிக்குப் போவதற்கு முந்தின நாள் திரையில் லட்சம் வந்தது. அழுதேவிட்டேன். மறுநாள் காலையில் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். "அண்ணி முடிச்சுட்டாங்க, இனிமே அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாது" என்று நாத்தனார் ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டு, அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கூடவே போனாள். நான் அடித்ததை அச்செடுத்து சாமி காலடியில் வைத்துவிட்டுப் போகலாம் என்று சென்டருக்குப் போனேன். விடிந்தால் ஆபரேஷன்.

எவ்வளவு பேப்பர் வேண்டும் என்று பார்க்க, கூட வேலை பார்க்கும் சாந்தி கோட்டுக்குப் பக்கத்தில் w போடாமல் l போட்டாள். அது வரியை எண்ணுமாம்.

"அக்கா, அம்பதாயிரம் வரிதான் இருக்கு."

"நல்லாப் பாரு. லட்சம்."

"லட்சம் வார்த்தைதான் அக்கா. ஓமுக்கும் நமசிவாயத்துக்கும் நடுவுல எடம் வுட்டிருக்கீங்கள்ல? மெஷினு ஓமை ஒண்ணுன்னும் நமசிவாயவை ஒண்ணுன்னும் எண்ணியிருக்கு."

முடிந்துவிட்டது என்று சாமியிடமே சொல்லிப் பொங்கலும் வைத்தாயிற்று. பைத்தியம் பிடித்தவள் போல உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தேன். கண்ணீரில் எழுத்து தெரியவில்லை. சாந்தி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இருக்கறத அப்படியே காப்பி பண்ணி கீழ ஒட்டிருவோம். ரெண்டு தட்டுதான். யாருக்குத் தெரியப்போவுது?"

இரண்டே தட்டு. லட்சம் சரியாகிவிடும். விரல் பட்டன் மேல் போய் நின்றதும் உண்மை.

"வேணாம் சாந்தி. உள்ளதைச் சொல்லிடுறேன்."

மெஷினை அணைத்துவிட்டுத் திருச்சி பஸ் ஏறினேன். வழியெல்லாம் சாமியிடம் கடன் சொல்லிக்கொண்டே போனேன்: பாதிதான் ஆகியிருக்கு, மீதியைத் தந்துடறேன், ஆளை மட்டும் பாதியில் விட்டுடாதே.

மறுநாள் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார்.

"உசுருக்குப் பயமில்லம்மா. ஆனா வயித்துல பாதிய எடுக்க வேண்டியதாப் போச்சு."

பாதி! என் காதில் அது ஒன்றுதான் விழுந்தது. டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், மீதி அம்பதாயிரத்தையும் முடிச்சுடறேன் சார், அந்தப் பாதியத் திருப்பி வெச்சுடுங்க சார்" என்று கதறினேன். நான் பணத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்து, "அதெல்லாம் ஆபீஸ்ல கட்டிக்கலாம்மா" என்றார் அவர்.

மீதியையும் அடித்து, வரியாக எண்ணி, கோயிலில் வைத்தேன். வயிறு வளரவில்லை. ஆள் இருக்கிறார், அதுவே பெரிது.

இன்றும் எந்தக் கல்யாணப் பந்தியிலும் பாதிச் சோற்றோடு இலையை மூடிவிடுவார். பரிமாறுகிற பையன் புதிதென்றால், "என்னங்க மாமா, இன்னுங் கொஞ்சம்?" என்று குனிவான். பந்தியே காத்திருக்கும். என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார்:

"போதும்ப்பா. எம் பொண்டாட்டி வேண்டுனதுக்கு இவ்வளவுதான் புடிக்கும்."