மறைவு பிற்போடப்பட்டுள்ளது

துயர் துடைக்கப் பிறந்த மாமனிதர்களுக்கு மரணமில்லை. மக்கள் மனங்களில் அவர்கள் என்றென்றும் வாழ்கிறார்கள். கடலோர மறுமலர்ச்சி நிறுவனத்தின் பணிப்பாளர், சமூகஜோதி அல்ஹாஜ் இப்றாஹிம் ஜே.பி. அவர்களும் அப்படியே வாழ்ந்திருப்பார். புதன்கிழமை காலை, தேநீர் வருவதற்கு முன்னால், நளீர் ஒரு பொத்தானை அழுத்தியதில் மௌத்தாகிவிட்டார்.

மௌத்தானவர் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் நளீரின் மேசைக்கு வந்து ஒரு பென் டிரைவை நீட்டியிருந்தார்.

"நம்மட சீனிமுகம்மது ஹாஜியார்ட மௌத்து அறிவித்தல். இங்க, கொழும்பு, வெளிநாடு, ஒருத்தரும் விடுபடப்படாது."

"ஓம் சேர்."

"நானே டைப் பண்ணிரிக்கன். வாசிச்சிக்கிட்டு இரிக்காம அனுப்புங்க."

சீனிமுகம்மது ஹாஜியார் புடவைக் கடை முதலாளி. நிறுவனத்தின் கௌரவ ஆலோசகர். முதல் நாள் பகல் கொழும்பில் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். மையித்து ஊருக்கு வந்துகொண்டிருந்தது. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பணிப்பாளர் தானே உட்கார்ந்து தட்டச்சு செய்தது புதுமைதான். ஆனால் துக்கத்தில் மனிதன் எதையும் செய்வான் என்று நளீர் நினைத்துக்கொண்டான். அவன் கோப்பைத் திறந்து பிரதி எடுத்ததும் பணிப்பாளர் பென் டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"நான் இண்டைக்கு வீட்டதான். ஆரும் கேட்டா ஒண்டும் கதைக்க வேணாம்."

போய்விட்டார்.

பணிப்பாளர் எழுதுவது பழைய பாமினி எழுத்துருவில். வெளிநாட்டுக் கணினிகளில் அது கோழி கிளறியது போலத் தெரியும். தமிழே தெரியாத வெள்ளைக்காரர்கள் தமிழைப் பிழையாக வாசித்துவிடக் கூடாது என்பதற்காக, நளீர் ஒவ்வொரு முறையும் அதைப் புதிய எழுத்துக்கு மாற்றி, நிறுவனத்தின் 'துயர் பகிர்வு' படிவத்தில் ஒட்டி அனுப்புவான். படிவத்தில் இரண்டு பெட்டிகள். மேலே இறந்தவர். கீழே துயரப்படுபவர். கீழ்ப் பெட்டியின் எழுத்து மேலேயுள்ளதைவிடப் பெரிது. சுனாமிக்குப் பிறகு அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் பணிப்பாளர்.

நளீர் மாற்றினான், ஒட்டினான், பணிப்பாளரின் பெயரிலுள்ள கணக்கிலிருந்து அனுப்பினான். அதற்குப் பிறகுதான் வாசித்தான்.

மேல் பெட்டியில் சமூகஜோதி அல்ஹாஜ் இப்றாஹிம் ஜே.பி. எல்லாப் பட்டங்களோடும் வபாத்தாகி, பிற்பகல் நான்கு மணி முதல் அன்னாரது இல்லத்தில் துக்கம் விசாரிக்கலாம் என்றிருந்தது. கீழ்ப் பெட்டியில் கொட்டை எழுத்தில்: 'ஆழ்ந்த துயருடன், சீனிமுகம்மது ஹாஜியார்.'

மௌத்தானவர் உயிரோடிருப்பவருக்கு இரங்கல் தெரிவித்திருந்தார்.

ஒட்டும்போது பெட்டி மாறிவிட்டது என்று நளீர் முடிவு செய்தான். வேறு எப்படி நடக்கும்? 

வேறு ஒரு வருடமாக இருந்தால் இது சிரித்துவிட்டுப் போகிற பிழை. இது யுத்தம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத ஜூன். அமெரிக்காவில் ஏதோ ஒரு வங்கி விழுந்ததில் கல்முனையில் கதிரைகள் காலியாகிக்கொண்டிருந்தன. சுனாமி வீடுகள் கட்டி முடிந்தன, ஜீப்புகள் திரும்பிப் போயின, வெள்ளைக்காரர்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேறு நாட்டு அழிவுகளுக்குப் போனார்கள். ஒரு காலத்தில் நிற்க இடமில்லாத ஒபீசில் இப்போது வரிசையாக வெறும் மேசைகள். அவற்றின் நடுவே 'தகவல் தொழில்நுட்பப் பிரிவு' என்ற பலகைக்குக் கீழே நளீர். பிரிவு முழுவதும் அவன்தான்.

போன வாரம் ஊழியர் கூட்டம் நடந்தது. பணிப்பாளர் மேடையில் நின்று, ஒலிவாங்கி பிடித்து, எதிரே உட்கார்ந்திருந்த நளீரைப் பார்த்து, "அன்பார்ந்த ஊழியர்களே" என்று தொடங்கினார். உலகப் பொருளாதார நெருக்கடி பற்றி விரிவாகப் பேசினார். "இனி ஒரு பிழை நடந்தாலும் ஒரு கதிரை குறையும்" என்று முடித்தார். எந்தக் கதிரை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வேலை போனால் நளீருக்குச் சம்பளம் மட்டும் போகாது. சுனாமி அவனுடைய வீட்டையும் வீட்டிலிருந்த நாலு பேரையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு வீட்டு ஸ்கீமில் இரண்டு அறை வீடொன்றைக் கொடுத்திருந்தது. ஒரு அறையை அவன் திறப்பதில்லை. இரவில் கடையில் வாங்கிய கொத்து ரொட்டியைத் தின்றுவிட்டுத் தூங்கி, காலையில் எழுந்து ஒபீசுக்கு வந்தால்தான் அன்றைய முதல் வார்த்தையை யாரோடாவது கதைப்பான். பெரும்பாலும் சுபைறாவோடு.

இப்போதும் சுபைறாதான் பிளேன்ரீயோடு வந்து நின்றாள். காலையில் ஒபீசில் தேநீர், பின்னேரம் பணிப்பாளர் வீட்டில் சமையல் என்று இரண்டு இடத்திலும் அடுப்பெரிப்பவள். பணிப்பாளரின் மனைவி மௌத்தாகி, பிள்ளைகள் அவுஸ்திரேலியாவுக்குப் போனதிலிருந்து அப்படி.

"என்ன மனே, மூஞ்சி வெளிறிப் போய்க் கிடக்கு?"

"ராத்தா, சேர் மௌத்தாப் போயித்தார்."

"ஆர்? இப்பதானே எனக்கு ஏசிப்போட்டுப் போறார்."

"மெயில்ல."

"மெயில்லயா? அப்ப கபுறு வெட்டத் தேவையில்ல."

"நான் பெட்டிய மாத்தி ஒட்டித்தன் ராத்தா. எல்லாருக்கும் பொயித்து. சேர்ட வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வரப் போறாங்க."

சுபைறா எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "ஆறப்போகுது, குடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நளீர் குடிக்கவில்லை. அனுப்பிய மடலைத் திரும்பப் பெறும் வசதி கணினியில் இருந்தது. அழுத்தினான். கணினி மடலைத் திரும்பப் பெறவில்லை. எல்லோருக்கும் இன்னொரு மடல் அனுப்பியது. 'அல்ஹாஜ் இப்றாஹிம் அவர்கள், அல்ஹாஜ் இப்றாஹிம் அவர்களின் மறைவைத் திரும்பப் பெற விரும்புகிறார்.'

"யா அல்லாஹ்" என்றான் நளீர் வெறும் மேசைகளைப் பார்த்து.

இனி ஒழுங்காக ஒரு திருத்தம் அனுப்புவதுதான் வழி. திருத்தத்துக்கென்று ஒரு படிவமும் இருந்தது. வீடு கையளிக்கும் விழாக்களுக்கு மந்திரிமார் வராமல் விடும்போதெல்லாம் பயன்பட்ட படிவம். நிகழ்ச்சியின் பெயரை மட்டும் எழுதினால் போதும், மிச்சத்தை அதுவே எழுதிக்கொள்ளும். நளீர் 'பணிப்பாளர் அவர்களின் மறைவு பற்றிய பிழையான அறிவித்தல்' என்று எழுதினான். விழாக்களின் பெயர் அவ்வளவு நீளமாக இருப்பதில்லை. பெட்டி தனக்குக் கொள்ளும் அளவை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டது. போன மடல் இது:

'பணிப்பாளர் அவர்களின் மறைவு, தவிர்க்க முடியாத காரணங்களால் பிற்போடப்பட்டுள்ளது. புதிய திகதி விரைவில் அறிவிக்கப்படும். அனைவரும் தவறாது சமூகமளிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம்.'

அப்போதுதான் பதில்கள் வரத் தொடங்கின.

திரையின் மூலையில் எண் ஏறிக்கொண்டே போனது. கடைசியாக இந்தப் பெட்டி இப்படி நிரம்பியது சுனாமி மாதத்தில். நளீருக்கு ஒன்றையாவது திறக்கத் தைரியம் வரவில்லை. கொழும்பிலிருந்து வாகனம் பிடித்து வருகிறார்கள், வெளிநாட்டிலிருந்து அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள், அரசாங்கக் கச்சேரியில் கொடி இறக்குகிறார்கள் என்றெல்லாம் அவனுக்குத் தோன்றியது. மேசைக்கடியில் குனிந்து, இணைய வயரை இழுத்தான். வயர் சாக்கெட்டோடு சேர்ந்து சுவரிலிருந்து கழன்று வந்தது. கொஞ்சம் சீமெந்தும் வந்தது. ஒபீஸ் டெலிபோனும் செத்தது.

பிழை ஒன்று என்று கணக்கு வைத்த காலம் முடிந்துவிட்டது.

பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு, இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையில், வந்து விழுந்திருந்த மடல்களைத் திறந்தான். முதலாவது: 'இந்த முகவரி பாவனையில் இல்லை.' இரண்டாவதும் அதுதான். மூன்றாவது, 'இந்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது.' கீழே கீழே போனான். வீடு கட்டியவர்கள், கிணறு இறைத்தவர்கள், வலை கொடுத்தவர்கள், மனநல ஆலோசனை தந்தவர்கள், எல்லோருடைய முகவரியும் செத்திருந்தது. அரசாங்க ஒபீசுகளின் முகவரிகள் மட்டும் உயிரோடு இருந்தன; அவற்றைத் திறந்து பார்க்கும் வழக்கம் ஒருபோதும் இருந்ததில்லை.

ஒரேயொரு மடல் மனிதர் எழுதியது போலிருந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் கணினி தானாகவே அனுப்பியது. 'மடலுக்கு நன்றி. நான் விடுமுறையில் இருக்கிறேன். 2007 ஜனவரியில் திரும்பியதும் கட்டாயம் பதில் எழுதுவேன்.'

நளீர் அதை இரண்டு தரம் வாசித்தான். தப்பித்தோம் என்று சந்தோஷப்பட வேண்டிய இடம் இது. ஏனோ வரவில்லை. தன்னுடைய பெயரை மேல் பெட்டியில் போட்டு அனுப்பினால் என்ன வரும் என்று யோசித்தான். அந்தப் பெண்மணியாவது பதில் போடுவாள்.

சுவரை மறைக்க முடியாது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அசருக்குப் பிறகு சைக்கிளை எடுத்தான்.

பணிப்பாளரின் வீட்டுத் தெருவில் போக முடியவில்லை. சீனிமுகம்மது ஹாஜியாரின் ஜனாஸா ஊர்வலம் பள்ளிவாசலிலிருந்து புறப்பட்டிருந்தது. கல்முனையே நடந்து வந்தது போலிருந்தது. பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஹாஜியார் தீபாவளிக்குத் தீபாவளி கடன் கொடுத்த வாடிக்கையாளர்கள். அவர்களுக்கெல்லாம் பள்ளி ஒலிபெருக்கி சொல்லியிருந்தது. மெயில் பார்த்து மௌத்துக்கு வருகிற ஊரல்ல இது. கூட்டம் கடந்து போகும் வரை நளீர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மதிலோரமாக நின்றான். பிறகு பணிப்பாளரின் கேற்றைத் தள்ளினான்.

முற்றத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒன்றிலும் ஆளில்லை. மேசையில் பெரிய தேநீர்க் கேத்தலும் கவிழ்த்த கோப்பைகளும். விறாந்தையில் புது ஜுப்பாவும் அத்தர் வாசமுமாகப் பணிப்பாளர். மடியில் கைத்தொலைபேசி.

நளீர் வந்ததும் சட்டென்று எழுந்தவர், அவனைக் கண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"நீங்களா?"

"சேர், அந்த மெயில்..."

"கண்டன். வீட்டுக் கம்பியூட்டர்ல வந்திச்சி." தொலைபேசியைப் பார்த்தார். "பிறகு பிற்போட்டதாவும் ஒண்டு வந்திச்சி."

"ஓம் சேர்."

"எல்லாருக்கும் போனதா?"

அவர் குரல் ஒலிவாங்கியில் கேட்பது போல் இல்லை. நளீர் வெறும் கதிரைகளைப் பார்த்தான். போனது என்று சொன்னால், கணினி ஒழுங்காக வேலை செய்கிறது, பிழை பெட்டியில் மட்டும்தான். போகவில்லை என்றால், சுவரோடு சேர்த்து எல்லாவற்றையும் உடைத்தவன் அவன்தான், கதிரையும் போகும்.

"போகல்ல சேர்" என்றான். "ஒருத்தருக்கும் போகல்ல."

"எனக்கு வந்திச்சே."

"அது உள்ளுக்குள்ள சுத்துற மெயில் சேர். வெளியில போகக்குள்ள நான் வயர இழுத்துட்டன். சாக்கெட்டும் ஒடைஞ்சி பொயித்து. டெலிபோனும் இல்ல."

பணிப்பாளர் தொலைபேசியைப் பையில் போட்டார். பிறகு முதுகு நிமிர்ந்தது. ஜுப்பாவின் மடிப்பைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"வெளியில போகல்ல."

"ஒண்டும் போகல்ல சேர்."

"அதானே பார்த்தன்." குரல் மேடை ஏறியது. "ஒரு மௌத்தக்கூட ஒழுங்கா அனுப்பத் தெரியாது உங்களுக்கு. என்ன தொழில்நுட்பம் படிச்ச நீங்க? இப்பிடி ஆள்கள வெச்சிக்கிட்டு நான் எப்பிடி ஒரு நிறுவனத்த..." கதிரைகளைப் பார்த்து நிறுத்தினார்.

"நான் நாளையில இருந்து வர வேணாமா சேர்?"

"எட்டு மணிக்கு வாங்க. சாக்கெட்டப் பூட்டுங்க." உள்ளே போகத் திரும்பியவர், முகத்தைக் காட்டாமலே சொன்னார்: "நீங்களும் போயித்தா ஒபீசில ஆர் இரிக்கிற?"

கதவைச் சாத்திக்கொண்டார்.

நளீரின் வேலை தப்பியிருந்தது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், சுபைறாவோடு சேர்ந்து கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினான்.

"பாவம் ராத்தா. நான் விட்ட பிழைக்கு, வாற சனம் நிக்கக் கூடாதெண்டு ஓடித்திரிஞ்சி கதிர எடுத்திரிக்கார். இண்டைக்குக் காலையில போன மெயிலுக்கு இவ்வளவு கெதியா எங்க புடிச்ச?"

சுபைறா கேத்தலிலிருந்த தேநீரைச் செவ்வரத்தை மரத்தடியில் ஊற்றினாள்.

"கதிரைக்கு நேத்துப் பின்னேரமே சொல்லியாச்சி மனே. சேர் நூறு கேட்டவர், நான்தான் இருபது போதுமெண்டு குறைச்சன்."