பின்கண்ணாடியில் பிரணவ்

"இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கோன்னா," என்றாள் விஜயலக்ஷ்மி.

ராமசுப்ரமணியன் பழைய மாருதியின் பின்பக்கத்தில் மண்டியிட்டு, குழந்தை சீட்டைத் தன் எட்டு முழ வேஷ்டியால் கட்டிக்கொண்டிருந்தான். சீட்டை துபாயிலிருந்து விஜியின் தம்பி சுமந்துவந்திருந்தான். வந்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் காரில் பின்பக்கம் பெல்ட்டே கிடையாது.

"சரிகை வேஷ்டிடீ இது."

"எதிராத்துக் குழந்தை ராஜா மாதிரி போறது. நம்ம கேசவ் மட்டும் மடியிலே குரங்குக்குட்டியாட்டம் தொங்கணுமாக்கும்?"

பெருமாள் கோவிலைச் சுற்றிய கோட்டைக்குள், அந்த அக்ரஹாரத் தெருவில் முதல் குழந்தை சீட் எதிர்வீட்டு ஸ்ரீலக்ஷ்மியுடையது. அமெரிக்காவிலிருந்து அண்ணா அனுப்பியது. "அங்கெல்லாம் இது இல்லாம குழந்தையைக் காரிலேயே ஏத்தமாட்டா, தெரியுமோ?" என்று அவள் சொன்ன அன்றிலிருந்து விஜிக்குச் சோறு இறங்கவில்லை.

சீட்டைவிட அவளை அதிகம் எரித்தது ஸ்ரீலக்ஷ்மியின் பிள்ளை பிரணவ்தான். வீட்டில் அவன் அழுதால் தெருமுனைவரை கேட்கும். கார் கிளம்பிவிட்டாலோ, கறுப்புத்தாள் ஒட்டிய பின்கண்ணாடி வழியே, காதுவரை குல்லா இழுத்துவிட்ட ஒரு சின்ன முகம் சிரித்தபடி போகும். தூரதேசத்துக்குக் கப்பலேறும் இளவரசன்போல. ஒரு சிணுங்கல் இல்லை, ஓர் அசைவு இல்லை.

"அந்த சீட்டோட மகிமைன்னா," என்பாள் விஜி பெருமூச்சுடன்.

அவர்களுடைய சீட்டின் மகிமை பழவங்காடித் திருப்பத்தில் தெரிந்துவிட்டது. வேஷ்டி வழுக்கி, சீட் ஒருபக்கம் சாய்ந்து, கேசவ் விஜியின் தோளில் வந்து விழுந்தான். சரிகையும் கிழிந்தது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் பெல்ட் போட்டார்கள். குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட் அது. பெல்ட்டில் மாட்டியதும் ஓட்டுகிறவர் சீட்டை முன்னால் நகர்த்த வேண்டியதாயிற்று. ராமசுப்ரமணியன் முழங்காலுக்கு நடுவே ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு, தவில் வாசிக்கிறவன்போல ஆபீஸ் போனான்.

கேசவோ சீட்டில் வைத்த மாத்திரத்தில் வில்லாய் வளைந்து அலறினான்.

"விடேன். மடியிலே எடுத்துக்கோ, பாவம்."

"அவா ஆத்துக் குழந்தை உக்காருமாம், நம்மாத்தது உக்காராதாமா?"

கையில் கல்கண்டு கொடுத்தாள். கேசவ் உட்காருவதற்குள் எறும்பு வந்து உட்கார்ந்தது. சீட்டைக் கூடத்துக்குத் தூக்கிவந்து, அதில் வைத்தே தயிர்சாதம் ஊட்டிப் பழக்கினாள். பழகிவிட்டான். எவ்வளவு பழகினான் என்றால், சீட் இல்லாமல் வாயே திறக்கவில்லை. சீட்டைக் காருக்குக் கொண்டுபோனதும் கார் ஓடினால்தான் திறந்தான். ஆபீஸ் விட்டு வந்த ராமசுப்ரமணியன் கோட்டையைச் சுற்றிச்சுற்றி ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து ஊட்டினாள்.

"எந்தா சாரே, தினோம் பிரதட்சணமா?" என்று பூக்காரி ரத்னாபாய் கேட்டாள்.

"வேண்டுதல்," என்றான் அவன்.

இத்தனைக்கும் பிறகு விஜிக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். தன் பிள்ளை அமைதியாக உட்கார்ந்து போவதை ஸ்ரீலக்ஷ்மி ஒருதரம் பார்க்க வேண்டும். கரமனையில் ஒரு சீமந்தம் வந்தது. இரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின.

கேசவ் தயிர்சாதத்தைக் குதப்பியபடி சமர்த்தாக இருந்தான். "முந்துங்கோன்னா. அவ பார்க்கட்டும்!"

"முழங்கால் விலகினாத்தானே கியர் போட முடியும்!"

கிழக்கேகோட்டையில் ஒரு பஸ் திடீரென்று குறுக்கே திரும்பியது. முன்கார் கிறீச்சிட்டு நின்றது. ராமசுப்ரமணியனும் பிரேக்கில் ஏறி நின்றான். டப்பாவிலிருந்த தயிர்சாதம் முன்கண்ணாடிவரை பறந்தது. கேசவின் முதுகு சீட்டில் ஒருகணம் அழுந்தியது, அவ்வளவுதான். அடுத்த வாய்க்கு நாக்கை நீட்டினான்.

விஜி கணவனிடம் பிள்ளையை விட்டுவிட்டு முன்காருக்கு ஓடினாள். பின்கண்ணாடியில் பிரணவ் அதே சிரிப்போடு இருந்தான்.

இத்தனை குலுக்கலிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே! அந்தப் பதற்றத்திலும் அவளுக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் தெருமுனைவரை கேட்கும் அந்த அழுகை எழுந்தது. காரின் முன்பக்கத்திலிருந்து.

கதவைத் திறந்து ஸ்ரீலக்ஷ்மி இறங்கினாள். அவள் இடுப்பில் பிரணவ். நெற்றியில் எலுமிச்சம்பழம்போல வீக்கம்.

"மடியிலேதான் வெச்சிண்டிருந்தேன்... டாஷ்போர்டிலே போய் இடிச்சுட்டான்..." என்று விம்மினாள்.

விஜி இடுப்பிலிருந்த பிரணவைப் பார்த்தாள். பின்கண்ணாடியில் சிரிக்கும் பிரணவைப் பார்த்தாள்.

"அப்போ... சீட்டிலே இருக்கறது யாரு?"

டிரைவர் சத்தியதாஸ் பின்கதவைத் திறந்து, பெல்ட்டை அவிழ்த்து, ஒரு கீறலும் படாத அந்த முகத்தின் குல்லாவைக் கழற்றினான்.

"கொலு கிருஷ்ணன் பொம்மையாக்கும் மாமி, நிங்ஙளோட கண்ணு பிள்ளை மேலே படாம இருக்கட்டும்னு அம்மாதான் வெச்சாங்க, கேட்டோ."