ஆறுதல் பரிசு வாங்கிய கண்டாங்கி

திண்டுக்கல்
1962, ஆவணி மாசம்

மெட்ராசில் சௌக்கியமாக இருக்கவேண்டிய மகன் சோலைமுத்துக்குப் பெத்தவள் ராமுத்தாய் எழுதுவது. நானும் உன் மகள் பொன்னழகும் உசுரோட இருக்கிறோம். உன் காயிதம் வந்தது. அதுக்குப் பதில் கடைசியில்.

போன வெள்ளிக்கிழமை நம்ம தெரு முனிசிபல் பள்ளிக்கூட விழாவில் இருந்தவர்கள்: எட்மாஸ்டர் கிதர் முகம்மது, சகாயசெல்வி டீச்சர், ஜவுளிக்கடை பெருமாள்சாமி, வக்கீல் பெண்டாட்டி கண்ணம்மாள், மெட்ராசிலிருந்து வந்த கல்வி ஆபீசர், பொன்னழகு, நான். ஒருத்தரையும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

விழா எதுக்கென்றால், ஆபீசரை வரவழைத்துக் கூரை கேட்க. போன ஐப்பசியில் ஓடு சரிந்ததிலிருந்து, மேகம் கூடினாலே மணியடித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டிவிடுகிறார்கள். நம்மூரில் மழை கம்மி என்பதால் ஏதோ படிப்பு ஓடுகிறது. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைக் கான்வென்டுக்கு மாத்திவிட்டார்கள். இந்த மழைக்குள் கூரை போடாவிட்டால் மூடிவிடுவார்களாம். அடுத்த பள்ளிக்கூடம் ரயில்ரோட்டுக்கு அந்தப் பக்கம். அம்புட்டுத் தூரம் பொட்டப்பிள்ளையை யார் அனுப்புவா, பொன்னழகு படிப்பு அதோடு சரி. அதனால் ஆபீசரை நேருக்கு நேராய் நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று கிளம்பினேன்.

இந்தக் கண்ணம்மாள் இருக்கிறாளே, போன வருசம் குழாயடியில் என் பின்கொசுவத்தையும் தண்டட்டி போட்டுத் தோள்வரை தொங்குகிற காதையும் பார்த்து, "ஏ கிழவி, இன்னும் சாணார்பட்டி மாட்டுவண்டிய விட்டு இறங்கலையா?" என்று கேட்டவள். இப்ப மெட்ராஸ் சீமாட்டிகளெல்லாம் பழைய கண்டாங்கியும் உப்பின கை ரவிக்கையும் போடுகிறார்களாம், அதுதான் புதுப் பேஷனாம். வாசலில் வந்து நின்று, "அத்தே, பள்ளிக்கூட விழாவுக்கு உங்க பெட்டிச் சேலை ஒண்ணு குடுங்க" என்கிறாள். அன்றைக்குக் கிழவி, காரியம் என்றால் அத்தை. கூரைக்கு நல்லது நடக்கட்டுமென்று என் கல்யாணக் கண்டாங்கியையே எடுத்துக் கொடுத்தேன்.

விழாவில் மேடையோரம் ஒரு வரிசை நின்றது. ஆபீசருக்கு மனுக் கொடுக்கிற வரிசையென்று என் அன்றாடக் கண்டாங்கியோடு நானும் நின்றேன். எனக்கு முன்னால் கண்ணம்மாள், என் சேலையில், கொசுவத்தை முன்பக்கம் சொருகிக்கொண்டு. என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்து, "ஏய்யா, நாங்க கஞ்சிப் பானைக்கே மூடி போட்டு வைக்கிறோம், படிக்கிற பிள்ளைக தலைக்கு மேல ஒண்ணுமில்லையே! மேகம் கூடுனா உங்க ஆபீசுலயும் மணியடிக்குமா?" என்றேன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஆபீசர் வயித்தைப் பிடித்துக்கொண்டு, "அசல் கிராமத்துக் கிழவி மாதிரியே இருக்காங்க!" என்கிறார். ஏலே, மாதிரியாம்! அப்புறந்தான் தெரிந்தது, அது பழங்கால உடைக்கு வைத்த மாறுவேடப் போட்டி.

பரிசு சொல்ல எழுந்தார் பெருமாள்சாமி. "சேலைக்கட்டு பரவாயில்ல. காதுதான் கொஞ்சம் மிகை. மெழுகுல செஞ்சதுன்னு அப்படியே தெரியுது."

"இழுத்துப் பாருய்யா, உசுரும் சேந்து வரும்" என்றேன். அதுக்கும் கைதட்டு. "அவுக எங்க அப்பத்தா! வேசமில்ல!" என்று பொன்னழகு தொண்டை கிழியக் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. எட்மாஸ்டருக்குத் தெரியும், சகாயசெல்விக்கும் தெரியும், ரெண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். முதல் பரிசு கண்ணம்மாளுக்கு. எனக்கு ஆறுதல் பரிசு, ஒரு சோப்பு டப்பா. என் சேலையிடம் நானே தோற்றேன். கூரையைப் பற்றி ஒரு பேச்சில்லை. இனி அந்த மேடை இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன்.

நோய்நொடி அண்டாமல், வேளைக்குச் சூடான சோறு கிடைத்து நீ நன்றாயிருக்கணும். கோட்டை மாரியம்மன் துணை.

இப்படிக்கு,
உன் அம்மா
ராமுத்தாய்

பின்குறிப்பு: காயிதத்தை ஒட்டும்போது எட்மாஸ்டர் வந்தார். ஆபீசருக்கு என் நடிப்பு பிடித்துப்போச்சாம். மதுரையில் மந்திரி வருகிற விழாவில் அதே மாதிரி பேசினால் கூரை ஓட்டுக்கு உடனே உத்தரவு போடுவார்களாம். "நெசமான ஆளுன்னு மட்டும் சொல்லிறாதீங்கம்மா, அப்புறம் மனு வரிசையில நிக்க வச்சிருவாங்க" என்று கெஞ்சினார். சரியென்றுவிட்டேன். வியாழக்கிழமை பஸ் ஏறுகிறேன், காதையும் எடுத்துக்கொண்டு. ஆகையால் மேலே திட்டினதையெல்லாம் அடித்துவிடு. கண்ணம்மாளை மன்னித்தேன், பெருமாள்சாமியை மன்னித்தேன், தரையைப் பார்த்த ரெண்டு பேரையும் மன்னித்தேன். ஆனால், "ஒழுகுற பள்ளிக்கூடத்துக்கு என்னத்துக்கு அனுப்புற, நிப்பாட்டிப் பூக்கட்டப் பழக்கு" என்று காயிதம் போட்டான் ஒருத்தன். அந்த எழுத்தையும் அவன் அதே ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் படித்தான். அவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். பேர் சோலைமுத்து.