அக்கா, அந்தக் குகைக்குப் போகாதே

மதிப்பிற்கும் பயத்திற்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும், எங்களுக்குச் சொந்தமான நான்கு முழங்கால்களும் ஒரு மாதிரியாகச் சௌக்கியம். அங்கே நீயும், உன் இடது முழங்காலும், பின்வாசல் தாழ்ப்பாளும் எப்படி இருக்கிறீர்கள் என்பதைக் கடிதம் கண்டதும் தெரிவிக்க வேண்டியது. அந்தத் தாழ்ப்பாளை மாற்றச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது.

நிற்க. போன மாதம் நீ போன் செய்து, "கோயில், குகை, ஆத்துல படகு எல்லாத்தையும் ஒரே நாள்ல காட்டுறாங்களாமே, நீ முன்னாடி போய்ப் பாத்துட்டு வாடா. என்னால முடியும்னு நீ சொன்னா போறேன், முடியாதுன்னு சொன்னா விட்டுடுறேன்" என்றாய். படி எத்தனை, கழிப்பறை சுத்தமா, தனியாக வருகிறவர்கள் யாராவது உண்டா என்று மூன்று கேள்வியும் கேட்டாய். அத்தான் போன இந்த இரண்டு வருஷத்தில் கேட்டைத் தாண்டி வெளியே போக வேண்டும் என்று நீ வாயைத் திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. போனை வைத்த மறு நிமிஷமே பயம் வந்து, கயிறு எங்கே என்று தேட ஆரம்பித்தேன். போய்விட்டு வந்துவிட்டேன். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். முப்பத்து நான்கு வருஷம் ஊரில் உள்ள லிஃப்ட்டுகளை எல்லாம் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தவன் நான், அதில் ஒன்றையும் நம்பி ஏறாமல் ஏழு மாடியையும் படியிலேயே ஏறியவன் என்பது உனக்குத் தெரியும். அந்த அனுபவத்தில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகாதே.

காலை ஆறு மணிக்குச் சுற்றுலா அலுவலக வாசலில் இருக்கச் சொன்னார்கள், நாங்கள் ஐந்தே காலுக்கே போய்விட்டோம், அலுவலகத்தைத் திறக்கும் பெண் ஐந்தே முக்காலுக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தவள், கொலைகாரர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தாள். ஆளுக்கு ஒரு மஞ்சள் தொப்பி கொடுத்தாள். இரண்டு வேன் நின்றது, இரண்டு வேனுக்கும் அதே மஞ்சள் தொப்பி, இரண்டு வழிகாட்டிகள் கையிலும் அதே சிவப்புக் குடை. குடை மழைக்கு அல்ல, அவர்கள் தூக்கிப் பிடிப்பார்களாம், நாம் அதன் பின்னாலேயே போக வேண்டுமாம். எனக்கு அப்போதே பொறி தட்டியது. "ஏம்மா, ரெண்டாவது வேனுக்கு வேற கலர் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "எல்லாம் ஒரே கம்பெனிதான் சார், தொலைஞ்சாலும் எங்ககிட்டதான் தொலைவீங்க" என்றாள். இது ஒரு பதிலா, நீயே சொல். வேனின் நான்கு டயரையும் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். என் பையில் டார்ச், விசில், பத்து முழம் கயிறு, கட்டுத்துணி, லிஃப்ட் கம்பிகளைத் தொடுவதற்காக வைத்திருந்த தடித்த ரப்பர் கையுறை, ஒரு சைக்கிள் பூட்டு எல்லாம் இருந்தன. உன் தம்பி மனைவி பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க, நாம மலையைப் பாக்கப் போறோமா, பேத்து எடுத்துட்டு வரப் போறோமா?" என்றாள். பின் சீட்டில் பீரோ மாதிரி ஒருவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார், அவர் சிரித்த சிரிப்பில் வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

முதலில் குன்றின் மேல் உள்ள கோயில். உன் முதல் கேள்விக்குப் பதில்: ஏறும்போது நூற்று எண்பத்தாறு படி, இறங்கும்போது நூற்று எண்பத்து நான்கு. இரண்டு முறையும் நான் ஒழுங்காகத்தான் எண்ணினேன். மீதி இரண்டு படி எங்கே என்று எங்கள் வழிகாட்டியைக் கேட்டால், "உள்ள போயிருந்தீங்களே சார், சாமிகிட்டயே கேட்டிருக்கலாமே" என்கிறார். இதற்கிடையில் செருப்பு விவகாரம். கீழே செருப்பைக் கழற்றி வைக்கும் இடத்தில் காவலுக்கு ஆள் இல்லை, அதனால் என் செருப்பையும் அவள் செருப்பையும் சேர்த்து ஒரு கம்பியில் மாட்டிச் சைக்கிள் பூட்டால் பூட்டினேன். திரும்பி வந்து சாவியைத் தேடினால், அது வேனில் கழற்றிப் போட்ட என் கோட்டுப் பாக்கெட்டில். வேனோ நிழல் தேடி எங்கேயோ போய்விட்டது. கல் அப்படிச் சுட்டது அக்கா. இரண்டு மஞ்சள் தொப்பியையும் தரையில் போட்டு அதன் மேல் ஆளுக்கு ஒரு காலை வைத்து, கால் மாற்றி மாற்றி முக்கால் மணி நேரம் நின்றோம். பீரோ வந்து, "சார், உங்க தொப்பி கீழ விழுந்துடுச்சு" என்றார். உன் தம்பி மனைவி அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. கம்பியோடு பூட்டின செருப்பை யாரும் திருடவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அடுத்தது ஆறு. லிஃப்ட் என்றால் உள்ளே ஒரு தகடு இருக்கும், இத்தனை பேர், இத்தனை கிலோ என்று. படகை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தேன், தகடே கிடையாது. "எத்தனை பேர் ஏறலாம்?" என்று படகுக்காரரைக் கேட்டேன். "வந்தவங்க எல்லாம் ஏறலாம் சார்" என்றார் அந்த மகானுபாவர். சும்மா இருக்க முடியுமா? நோட்டை எடுத்து ஒவ்வொருவரிடமாக எடை என்ன என்று கேட்டு எழுத ஆரம்பித்தேன். இரண்டு பேர் முறைத்தார்கள், ஒரு அம்மாள் ஐம்பத்தெட்டு என்றார், நான் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு எழுபத்தைந்து என்று எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டார். பீரோ மட்டும் பெருமையாக, "நூத்திப் பன்னெண்டு, எழுதிக்குங்க" என்றார். கடைசியாக உன் தம்பி மனைவியிடம் கேட்டேன். அதுவரை மௌனமாக இருந்தவள், "உங்களை மட்டும் இறக்கி விட்டா படகு தானா லேசாயிடும்" என்றாள், படகு மொத்தமும் கை தட்டியது. எனக்குக் கொடுத்த மிதவைச் சட்டையில் ஒரு கொக்கி சரியில்லை, அதனால் அதன் மேல் இன்னொன்றையும் போட்டுக்கொண்டேன். இரண்டையும் போட்டபின் கழுத்து திரும்பவில்லை. இரு பக்கமும் செங்குத்தான பாறை, ஒரு இடத்தில் அருவி விழுந்தது, மீன்கொத்திகூடப் பறந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒன்றரை மணி நேரமும் என் கண்ணுக்கு நேரே இருந்தது படகுக்காரர் முதுகுதான். அவர் சட்டையில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு கிழிசல், அதை நீல நூலால் தைத்திருந்தார்கள்.

மதியம் பொட்டலச் சாப்பாடு. கழிப்பறை சுத்தமாகத்தான் இருந்தது, தாழ்ப்பாள்கூட உன் வீட்டுப் பின்வாசலைவிட நன்றாக இருந்தது. இது உன் இரண்டாவது கேள்விக்கு. இதை வைத்து நீ கிளம்பிவிடக் கூடாது, ஏனென்றால் அடுத்து வருவது குகை.

குகைக்கு வெளியே வழிகாட்டியிடம் அவசர வழி எது என்று கேட்டேன். "உள்ள போற வழிதான் சார் வெளிய வர்ற வழியும்." "அது அடைச்சுக்கிட்டா?" "அப்போ அவசரமே இல்லையே சார், நிதானமா சுத்திப் பாக்கலாம்." கைப்பிடிக் கம்பி துருவாக இருந்ததால் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். வழி குறுகல், இரண்டு வேன் ஆட்களும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள், எங்கே பார்த்தாலும் மஞ்சள் தொப்பி. நடுவில் பெரிய கூடம் மாதிரி ஒரு இடம் வந்ததும் வழிகாட்டி நின்று, "இப்போ எல்லா விளக்கையும் ஒரு நிமிஷம் அணைக்கப் போறோம், உண்மையான இருட்டுன்னா என்னன்னு பாருங்க" என்றார். இருட்டைப் பார்ப்பதற்கு ஒருத்தன் காலை ஐந்தே காலுக்கு வந்து காத்திருக்க வேண்டுமா? விளக்கு அணைந்தது. பக்கத்தில் நின்ற உன் தம்பி மனைவியின் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் ஆயிற்று, விளக்கு வரவில்லை. மூன்று நிமிஷம் ஆயிற்று. முன்னால் எங்கேயோ, "ஜெனரேட்டர் மக்கர் பண்ணுது, யாரும் பயப்படாதீங்க, கம்பியப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வெளிய நடங்க" என்று குரல் கேட்டது. என் டார்ச்சை எடுத்து அழுத்தினேன், எரியவில்லை. பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று செல்களை எப்போதும் தலைகீழாகப் போட்டு வைப்பது என் வழக்கம். இருட்டில் ஒரு கையால் அதை மாற்ற முடியுமா? இன்னொரு கையை விட எனக்குத் தைரியம் இல்லை.

இருபது நிமிஷம் நடந்தோம். வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். "தலையக் குனி, பாறை இடிக்கும். இங்க படி இருக்கு, ஒண்ணு, ரெண்டு. வலது பக்கம் ஈரம், என் பக்கமா வா." சொன்ன சொல் தட்டாமல் ஒவ்வொன்றையும் செய்தாள். அங்கேதான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முப்பத்தேழு வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவள் பதில் பேசாமல் செய்ததே இல்லை. பயத்தில் எனக்கு மூளை ஓடவில்லை அக்கா. பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது என்பது உனக்குத் தெரியும். "அக்காவை இங்க அனுப்பவே மாட்டேன். அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் எனக்குன்னு யாரு இருக்கா? அம்மா போனப்ப எனக்கு ஒன்பது வயசு, அவதான் தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்புனா. அவ கேட்டைத் தாண்டாம உள்ளேயே இருந்தாலும் பரவாயில்ல, இருந்தா போதும்" என்று என்னென்னவோ உளறினேன். நான் பிடித்திருந்த கை ஒரு முறை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

வெளிச்சத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தால், கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது யாரோ ஒரு அம்மாள்! எழுபது வயது இருக்கும், மஞ்சள் தொப்பி, மூக்குக் கண்ணாடி, இடது முழங்காலில் பட்டை. எனக்கு உயிரே இல்லை. கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அப்படியே கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் நிதானமாக, "இதுல என்னங்க இருக்கு? வயசானவங்களுக்குக் கம்பெனியே ஒரு ஆளைப் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். உங்க அக்கா கதை வந்தப்பத்தான் இது கம்பெனி ஆள் இல்லைன்னு புரிஞ்சுது" என்றார். இரண்டாவது வேனில் வந்த கணக்கு டீச்சராம், ஓய்வு பெற்றவர், வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம் ஆகிறதாம், தனியாகத்தான் வந்திருக்கிறார். அந்த நூற்று எண்பத்தாறு படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாராம். போகும்போது, "பாத்து வா, படி இருக்குன்னு என்கிட்ட யாராவது சொல்லி மூணு வருஷமாச்சு. உங்க அக்காகிட்ட இதைச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன். இது உன் மூன்றாவது கேள்விக்கு.

உன் தம்பி மனைவி எங்கே என்று கேட்கிறாயா? முதல் ஆளாக வெளியே வந்து பீரோவின் மனைவியோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "என் கையை ஒரு நாளும் இருபது நிமிஷம் பிடிச்சதில்லையே" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் கையை நீட்டி வைத்துக்கொண்டு வந்தாள், நான் பிடித்துக்கொண்டே வர வேண்டியதாயிற்று. பீரோ பின்னாலிருந்து மணி பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே அக்கா, படி கணக்கு ஒத்து வரவில்லை, படகில் தகடு இல்லை, குகைக்கு ஒரே வாசல், ஜெனரேட்டரை நம்ப முடியாது, எல்லார் தலையிலும் ஒரே கலர் தொப்பி. சுற்றுலா எங்கே ஓடிப் போகிறது? நீ வீட்டிலேயே பத்திரமாக இரு. டி.வி.யில் இதைவிடப் பெரிய குகையாகக் காட்டுகிறார்கள். நீயும் போய்விட்டால் இந்த உலகத்தில் என்னை "டேய்" என்று கூப்பிட ஆள் கிடையாது, அதை மனதில் வைத்துக்கொள்.

மாத்திரையை நேரத்துக்குப் போடவும். உன் ஆசீர்வாதத்தை எனக்கும், கொஞ்சம் கூடுதலாக உன் தம்பி மனைவிக்கும் பதில் கடிதத்திலேயே வைத்து அனுப்பவும்.

உன் சொல்லுக்கு என்றும் அடங்கிய,
தம்பி.

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போகும்போது வழியில் அந்தச் சுற்றுலா அலுவலகம் திறந்திருந்தது. தொப்பி, தகடு, ஜெனரேட்டர் மூன்றையும் பற்றிப் புகார் எழுதிக் கொடுக்கலாம் என்று உள்ளே போனேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டு, "சரி சார், டிக்கெட் எத்தனை பேருக்குப் போடட்டும்?" என்றாள். என் வாய்க்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, "மூணு" என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, முதல் வேன், ஜன்னல் ஓரம் உனக்கு. மேலே எழுதியவை எல்லாம் அப்படியே இருக்கட்டும், எங்கள் அலுவலகத்திலும் சான்றிதழில் குறைகளை எல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் "இயக்கலாம்" என்று கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். டார்ச்சில் செல்லை நேராகப் போட்டுவிட்டேன். கையுறை கூடாது என்று உன் தம்பி மனைவி உத்தரவு. குகைக்குள் விளக்கை அணைப்பார்கள், பயப்படாதே, உன் பக்கத்தில் நான்தான் நிற்பேன். ஒன்றே ஒன்று, இருட்டில் தயவுசெய்து என்னைத் திட்டிக்கொண்டே வா. சத்தம் வரவில்லை என்றால், பிடித்திருப்பது உன் கைதானா என்று எனக்கு எப்படித் தெரியும்?